பாத்ரூம் குழாயில் ஷாக் அடிக்கிறதா? எர்த், ஆர்.சி.சி.பி., பாண்டிங்: படிப்படியாக ஒரு வழிகாட்டி

குழாயைத் திறக்கும்போது விரல் நுனியில் சுர்ரென்று ஏதோ ஓடியது என்று வீட்டில் யாராவது சொன்னால், ஈரக் கை, குளிர், பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் முதலில் சொன்னார். பிளம்பர் வந்து கீசரைக் கை காட்டினார். கீசர் சர்வீஸ்காரர் வயரிங்கைக் கை காட்டினார். ஒரு எலக்ட்ரீஷியன் குழாயில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “லேசாத்தான் எரியுது, பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொருவரும் அவரவர் பாகத்தை மட்டும் பார்த்தார்கள். கடைசியில் பொறுமையான ஒருவர் கீசர் பிளக் பெட்டியைக் கழற்றினார். எர்த் முனையில் வயரே இல்லை. எர்த்துக்கான பச்சை வயர் டேப் சுற்றி, சுருட்டி, பெட்டியின் மூலையில் செருகப்பட்டிருந்தது. கீசருக்குள் ஹீட்டிங் எலிமெண்டின் உறை போர் தண்ணீரில் அரித்துப் போயிருந்தது. கசிந்த கரண்ட் தரைக்குப் போக வழியில்லாமல் சுவருக்குள் இருக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் வழியாகக் குழாய்க்கு வந்திருக்கிறது.

நாங்கள் அலைந்ததுபோல் நீங்கள் அலையாமல் இருக்க, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். எர்த் என்பது கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் வழி. ஆர்.சி.சி.பி. என்பது கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் கருவி. பாண்டிங் என்பது பாத்ரூமில் உள்ள உலோகங்களை வயரால் ஒன்றாகக் கட்டுவது. தமிழ்நாட்டில் தனி வீடு, அடுக்குமாடி, வாடகை வீடு எதில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மின்வேலையை நீங்களே செய்யச் சொல்லவில்லை. யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது, எதைப் பார்த்து வாங்குவது, எந்தக் காகிதத்தை எடுத்து வைப்பது என்பதற்காகத்தான் இது.

1. இன்றைக்கே செய்ய வேண்டியது

கீசர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. டி.பி. பாக்ஸில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) கீசருக்கான எம்.சி.பி.யை (கரண்ட் அளவு மீறினால் தானே இறங்கும் சுவிட்ச்) இறக்கிவிடுங்கள், பிளக்கையும் உருவிவிடுங்கள். பழைய வீடுகளில் கரண்ட் வரும் ஃபேஸ் வயரும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரும் இடம் மாறி இணைத்திருப்பது சகஜம். அப்படி இருந்தால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும், ஃபேஸ் கீசருக்குள்ளேயே நிற்கும். சரியாகும்வரை வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாக் இன்னும் அடிக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கவே கூடாது. மல்டிமீட்டர் வைத்து, குழாய்க்கும் தரை வடிகாலின் இரும்பு மூடிக்கும் நடுவில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். கீசரைத் துண்டித்ததும் வோல்டேஜ் போய்விட்டால் கோளாறு கீசரில். கீசரைத் துண்டித்தும் நிற்கவில்லையென்றால் வயரிங்கில், பெரும்பாலும் ஈரம் ஏறிய சுவரில் இருக்கிறது. உங்கள் வீட்டு மெயினையே இறக்கிய பிறகும் வோல்டேஜ் காட்டினால் அது வெளியிலிருந்து வருகிறது. அடுக்குமாடியில் மேல் வீட்டுக் கீசர் கசிந்து, பொதுவான இரும்புத் தண்ணீர் பைப் வழியாக உங்கள் குழாய்க்கு வர முடியும். ஈ.பி. லைனில் நியூட்ரல் பழுதாக இருந்தாலும் இப்படி ஆகலாம். அப்போது குடியிருப்போர் சங்கத்துக்கும், மின் வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள்.

யாராவது கரண்டில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள், பிறகு 108.

2. சரியான ஆளைக் கண்டுபிடிப்பது

ஃபேன் மாட்ட வருபவரெல்லாம் எர்த் அளக்கத் தெரிந்தவர் இல்லை. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன்களுக்கு ‘பி’ சான்றிதழும், சூப்பர்வைசர்களுக்கு ‘சி’ சான்றிதழும் தருகிறது. போனில் கேட்கும்போதே சான்றிதழ் இருக்கிறதா, மல்டிமீட்டர், மெக்கர் (இன்சுலேஷனின் எதிர்ப்பை அளக்கும் கருவி), எர்த் டெஸ்டர் மூன்றும் கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். “டெஸ்டரே போதும் சார்” என்பவரை விட்டுவிடுங்கள். நியான் டெஸ்டர் பக்கத்து வயரின் தூண்டலுக்கும் மங்கலாக எரியும், வெளிச்சத்தில் உண்மையான கரண்டுக்கும் எரிவது தெரியாமல் போகும். அதை வைத்து ‘ஆபத்து இல்லை’ என்று யாரும் முடிவு சொல்ல முடியாது.

3. எர்த் உண்மையில் இருக்கிறதா?

மூன்று துளை பிளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூன்றையும் மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட் அளவில் இருக்கும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. ஃபேஸ்–எர்த் அளவு 90, 120 என்று அலைபாய்ந்தால் எர்த் வயர் எங்கோ அறுந்து தொங்குகிறது.

மீட்டர் சரியாகக் காட்டினாலும் அதோடு விடக் கூடாது. மெல்லிய ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 230 காட்டும். ஆகவே எர்த் டெஸ்டரில் எர்த் குழியின் (எர்த் வயர் மண்ணில் போய் முடியும் குழி) எதிர்ப்பை ஓமில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு 5 ஓமுக்குள் இருப்பது நல்ல அளவு. கோடையில் மண் காய்ந்ததும் இது ஏறும் என்பதால் சித்திரை வைகாசியில் அளந்தால்தான் உண்மை தெரியும். மழைக்காலத்தில் எடுத்த அளவை வைத்து நிம்மதி அடையாதீர்கள். குழியிலிருந்து டி.பி. பாக்ஸுக்கும், அங்கிருந்து பாத்ரூம் பிளக்குக்கும் எர்த் வயர் தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் குழி நன்றாகத்தான் இருந்தது. அறுந்திருந்தது கடைசி ஒரு சாண் வயர்.

இந்தக் கட்டத்தில் மூன்று பொறிகள் உண்டு.

எர்த் வயர் இல்லாத இடத்தில் பிளக்கின் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது முதல் பொறி. மீட்டரில் எல்லாமே அழகாகக் காட்டும், கீசரும் வேலை செய்யும். ஆனால் வரும் வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த நொடியே கீசரின் உலோக உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஆகிவிடும். பிளக் பெட்டியைக் கழற்றி உங்கள் கண்ணால் பாருங்கள். பச்சை வயர் சுவருக்குள்ளிருந்து வர வேண்டும், நியூட்ரலான கறுப்பு வயரிலிருந்து வரக் கூடாது.

இரண்டாவது, தண்ணீர் பைப்பையே எர்த்தாகப் பயன்படுத்துவது. பழைய ஜி.ஐ. பைப் காலத்தில் பலர் இப்படிச் செய்தார்கள். பிறகு பிளம்பர் வந்து நடுவில் நாலடி சி.பி.வி.சி. (பிளாஸ்டிக்) பைப் போட்டதும் அந்த எர்த் செத்துவிடும், வீட்டில் யாருக்கும் தெரியாது. பிளம்பிங் வேலை நடந்த வீடு என்றால் இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்ப் போட்டு எரிய வைத்துக் காட்டுவது. பல்ப் பிரகாசமாக எரிவதை மட்டும் வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எர்த் மோசமாக இருந்தாலோ, அந்தச் சோதனை நடக்கும் நேரத்தில் வீட்டிலுள்ள ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் வோல்டேஜ் ஏறும். யாரையும் எதையும் தொடவிடாமல் சான்றிதழ் உள்ளவர் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது.

4. ஆர்.சி.சி.பி. வாங்குவதும் மாட்டுவதும்

“எம்.சி.பி. இருக்கே, அது இறங்கிடும்” என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் பாருங்கள். நனைந்த உடம்பின் எதிர்ப்பு சுமார் 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் உடம்பு வழியாக ஓடுவது 0.23 ஆம்ப். உயிரை எடுக்க அது தாராளமாகப் போதும். 16 ஆம்ப் எம்.சி.பி.க்கோ அது கணக்கிலேயே வராது. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுவதற்கு, ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கசிவு 30 மில்லி ஆம்பை எட்டுவதற்குள் இறங்கிவிடும்.

கடையில் ‘ஈ.எல்.சி.பி.’ என்று கேட்டாலும் இதைத்தான் தருவார்கள். பெட்டியின் மேல் 30 மில்லி ஆம்ப் அல்லது 0.03 ஆம்ப் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 மில்லி ஆம்ப் வகைகளும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காக்க அல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் ஐ.எஸ். 12640 என்ற எண் இருக்க வேண்டும். ‘ஏசி’ வகை, ‘ஏ’ வகை என்று இரண்டு கிடைக்கும். இன்வெர்ட்டர் வகை வாஷிங் மெஷின், ஏ.சி. உள்ள வீட்டில் ‘ஏ’ வகையே சரி. ஒருமுனை இணைப்புக்கு இரண்டு போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), 40 ஆம்ப். மும்முனைக்கு நான்கு போல். ஆனால் மும்முனை வீட்டில் ஒரே ஆர்.சி.சி.பி. போட்டால் கீசர் கசிந்ததற்கு வீடே இருட்டாகும், அந்த எரிச்சலில் யாராவது அதைக் கழற்றிவிடுவார்கள். கீசர் லைனுக்குத் தனியாக ஓர் ஆர்.சி.பி.ஓ. போடுவதே என் சிபாரிசு. எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் அதில் சேர்ந்தே இருக்கும்.

தமிழ்நாட்டில் புதிய மின் இணைப்பு வாங்கும்போது இந்தக் கருவி இருக்க வேண்டும் என்பது மின் விநியோக விதியிலேயே உண்டு. பழைய வீடுகளுக்கு யாரும் வந்து நினைவூட்டப் போவதில்லை, நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாட்டியதும் அடிக்கடி இறங்குகிறதா? எலக்ட்ரீஷியன் “இது உங்க வீட்டுக்கு ஒத்துவராது, எடுத்துடலாம்” என்பார். எடுக்கவிடாதீர்கள். பெரும்பாலும் காரணம் யு.பி.எஸ். லைனின் நியூட்ரலும் மெயின் லைனின் நியூட்ரலும் ஏதோ ஒரு சுவிட்ச் பெட்டியில் சேர்ந்திருப்பது. இரண்டையும் பிரித்தால் நின்றுவிடும். அப்படியும் நிற்கவில்லையென்றால் உண்மையிலேயே எங்கோ கசிகிறது, கருவி தன் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு லைனாகக் கழற்றி மெக்கர் போட்டுப் பார்த்தால் எந்த லைன் என்று அகப்படும்.

கருவியில் ‘டி’ என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது உள்ளிருக்கும் இயந்திரம் இறங்குகிறதா என்பதை மட்டும் காட்டும், எர்த் இருக்கிறதா என்பதைக் காட்டாது. எர்த்தே இல்லாத வீட்டிலும் பட்டனை அழுத்தினால் இறங்கும். எர்த் இல்லாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் இருந்தால், கசிவு உங்கள் உடம்பு வழியாகப் போன பிறகுதான் அது இறங்கும். எர்த்தும் இருந்தால் நீங்கள் தொடுவதற்கு முன்பே இறங்கிவிடும். ஒன்று இருக்கிறதே, மற்றது எதற்கு என்று விட்டுவிடக் கூடாதது இதனால்தான்.

5. கீசருக்குத் தனி லைன்

2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்ப் இழுக்கும், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் வகை 13 ஆம்ப். டி.பி. பாக்ஸிலிருந்து நேராக, வேறெதையும் இடையில் இணைக்காமல், முதலாவதற்கு 2.5 ஸ்கொயர் எம்.எம்., இரண்டாவதற்கு 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் வர வேண்டும். பச்சை வயரும் அதே கனத்தில். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்சைப் பாத்ரூம் கதவுக்கு வெளியே வையுங்கள், ஆனில் இருப்பதைக் காட்டும் சின்ன விளக்கு சுவிட்சிலேயே இருந்தால் நல்லது. போர் தண்ணீர் உபயோகிக்கும் வீடு என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது கீசரைத் திறந்து, உப்பைச் சுரண்டி, மெக்னீசியம் ஆனோடு கம்பியைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கம்பி கரைந்து தீர்ந்தபின் தொட்டியும் எலிமெண்டும் அரிக்கத் தொடங்கும்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடைப் பாத்ரூமுக்குள் எடுத்துப் போகவே வேண்டாம். வேறு வழியில்லையென்றால் பிளாஸ்டிக் வாளி, மூன்று முனை பிளக், தண்ணீரைத் தொடுமுன் பிளக்கை உருவுவது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதுவும் வேண்டாம்.

6. பாண்டிங்: எந்த உலோகத்தைக் கட்டுவது, எதை விடுவது

பலருக்கும் புரியாத பாகம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரே ஓர் இடத்தில் வோல்டேஜ் இருப்பதால் மட்டும் ஷாக் அடிப்பதில்லை. இரண்டு இடங்களுக்கு நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் இருந்து, இரண்டையும் உடம்பு ஒன்றாகத் தொட்டால்தான் அடிக்கும். கரண்ட் கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆகாதது அதனால்தான். கீசரில் கோளாறு வந்த நொடியில், ஆர்.சி.சி.பி. இறங்கும் முன், எர்த் வயரோடு இணைந்த கீசர் பைப்பின் வோல்டேஜ் நூறு, இருநூறு வரைகூட ஏறலாம். உங்கள் இன்னொரு கை தரையோடு தொடர்புள்ள வேறு ஓர் இரும்பைப் பிடித்திருந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் உடம்பின் குறுக்கே வரும். இரண்டு உலோகங்களையும் ஒரு செம்பு வயரால் முன்பே கட்டியிருந்தால் இரண்டும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும்.

கட்ட வேண்டியவை: சுவருக்குள்ளிருந்தோ தரையிலிருந்தோ வெளியே வரும் ஜி.ஐ. தண்ணீர் பைப்புகள் (குளிர்ந்தது, வெந்நீர் இரண்டும்), இரும்பு வடிகால் பைப், கான்கிரீட் கம்பியோடு தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு ஜன்னல் சட்டம், கீசர், பாத்ரூமில் வைத்திருக்கும் வாஷிங் மெஷின் இவற்றின் எர்த்.

விட வேண்டியவை: சி.பி.வி.சி. பைப்பில் மாட்டிய ஸ்டீல் குழாய், டைல்ஸில் திருகிய டவல் கம்பி, சோப்பு ஸ்டாண்ட், கண்ணாடிச் சட்டம். இவை எங்கும் இணைந்தவை அல்ல. இவற்றுக்கும் எர்த் வயர் இழுத்தால், வேறெங்கோ வரும் கோளாறின் வோல்டேஜை வயர் போட்டுக் குளிப்பவரின் கைக்குக் கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும். பாத்ரூமில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் இன்னும் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு.

சந்தேகமான உலோகத்துக்கு ஒரு சோதனை உண்டு. அந்த உலோகத்துக்கும் மெயின் எர்த் முனைக்கும் நடுவில் மெக்கர் வைத்து அளக்க வேண்டும். 230 வோல்ட்டில் 10 மில்லி ஆம்புக்கு மேல் ஓடக் கூடாது என்று கணக்குப் போட்டால் 23,000 ஓம் வரும். அதற்கு மேல் இருந்தால் தனித்திருக்கிறது, விட்டுவிடலாம். கீழே இருந்தால் கட்ட வேண்டும்.

கட்டும் வயர் பச்சை–மஞ்சள் செம்பு வயர், வயரிங் பைப்புக்குள் போனால் 2.5 ஸ்கொயர் எம்.எம்., வெளியில் தெரிய ஓடினால் 4 ஸ்கொயர் எம்.எம். ஜி.ஐ. பைப்பில் பெயிண்டையும் துருவையும் பளபளக்கும்வரை தேய்த்துவிட்டு, எர்த் கிளாம்ப் போட்டு, ஈயம் பூசிய லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வயரோடு அழுத்திக் கிரிம்ப் செய்து திருக வேண்டும். வெறும் செம்பை ஈரமான ஜி.ஐ.யில் சுற்றிவைத்தால் சில வருடங்களில் அந்த இடத்தில் ஜி.ஐ.யின் துத்தநாகப் பூச்சு அரித்து, இணைப்பு கெட்டுவிடும். கிளாம்ப் எதுவும் டைல்ஸுக்குள் புதையக் கூடாது, நாளைக்குக் கழற்றிப் பார்க்க முடிய வேண்டும். இரும்பு பைப்பின் நடுவில் பிளாஸ்டிக் துண்டு இருந்தால், பிளாஸ்டிக்குக்கு அப்பால் உள்ள இரும்பைத் தனியாகச் சோதித்து முடிவு செய்ய வேண்டும். வேலை முடிந்ததும், கட்டிய எந்த இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

7. சுவிட்ச், விளக்கு

ஷவருக்கு நேர் கீழிருந்து 1.2 மீட்டர் தூரத்துக்கும், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரத்துக்கும் உள்ள இடத்தில் சுவிட்ச், பிளக் எதுவும் கூடாது. நம் பாத்ரூம் ஐந்துக்கு ஏழு அடிதான் என்பதால் ஏறக்குறைய முழு அறையும் அதில் அடங்கிவிடும். எல்லா சுவிட்சும் வெளியே. விளக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் உயரத்தில், ஈரம் புகாத வகையாக.

8. செலவு, நேரம், காகிதங்கள்

ஊருக்கு ஊர் மாறும், ஏறத்தாழ இப்படி வரும். எலக்ட்ரீஷியன் நாள் கூலி 1,000 முதல் 1,500 ரூபாய். இரண்டு போல் ஆர்.சி.சி.பி. பெயர் பெற்ற கம்பெனியில் 2,000 முதல் 3,500. புதிய எர்த் குழி தோண்டி பைப் இறக்க 4,000 முதல் 8,000. பாண்டிங் வயர், கிளாம்ப், லக் எல்லாம் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம். சுவரை உடைத்துத் தனி லைன் இழுத்தால்தான் செலவு ஏறும், அதை டைல்ஸ் மாற்றும் நேரத்தோடு சேர்த்துவிடுங்கள். ஆர்.சி.சி.பி.யை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இந்த மாதச் சம்பளத்திலேயே அதை வாங்கிவிடலாம்.

சோதனைக்கு அரை நாள் போதும். ஆர்.சி.சி.பி. மாட்ட இரண்டு மணி நேரம். எர்த் குழிக்கு ஒரு நாள், குழி அமர்ந்த பிறகு ஒரு வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மறு அளவுக்கும் சேர்த்தே கூலி பேசிவிடுங்கள், இல்லையென்றால் திரும்பி வரமாட்டார்.

எடுத்து வைக்க வேண்டியவை: ஆர்.சி.சி.பி., கீசர் பில்கள், வாரண்டி அட்டை, வேலை செய்தவரின் சான்றிதழ் எண், எர்த் எத்தனை ஓம் என்று தேதியுடன் கையெழுத்திட்ட சீட்டு, சுவரைப் பூசும் முன் வயர் போகும் வழியைக் காட்டும் போட்டோக்கள். கீசர் கம்பெனியில் எலிமெண்ட் மாற்றிக் கேட்கும்போது எர்த் சரியில்லை என்று காரணம் சொல்வார்கள். அந்தச் சீட்டைக் காட்டலாம். ஒருமுனை இணைப்பில் 4 கிலோவாட் வரைதான் அனுமதி என்பதால், கீசரோடு ஏ.சி.யும் சேர்ந்தால் உங்கள் அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு என்று மின் கட்டண ரசீதில் பார்த்து, தேவையானால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பியுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு: குழி தோண்ட உங்களால் முடியாது. அளந்த எண்களைப் போட்டோ எடுத்து வீட்டு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேளுங்கள், வாய்ப்பேச்சைவிட அது வேலை செய்யும். அவர் தயங்கினாலும் டி.பி. பாக்ஸில் கீசர் எம்.சி.பி. இருக்கும் இடத்தில் ஓர் ஆர்.சி.பி.ஓ.வை உங்கள் செலவிலேயே மாட்டிக்கொள்ள அனுமதி வாங்குங்கள், பழைய எம்.சி.பி.யைப் பத்திரமாக வைத்திருங்கள். காலி செய்யும்போது அதைத் திரும்ப மாட்டச் சொல்லி, உங்களுடையதைக் கழற்றி எடுத்துப் போகலாம். எர்த் சரியாகும்வரை அந்த வீட்டில் கீசரைப் போடாதீர்கள்.